அறுபத்திரண்டாம் பக்கம்

லோர்னா பாவ்லிக்கின் இடது கட்டைவிரல் நகம் நட்டநடுவே பிளந்துதான் வளரும். கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஜன்னல் சட்டம் இறங்கி நசுக்கியதில் வந்த வினை. ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றார் டாக்டர். நகமும் சரியாகவில்லை, கல்லூரி அந்த ஜன்னலையும் சரிசெய்யவில்லை. பின்னாளில் பல நூறு பேர் அந்த நகத்தைப் பார்த்தார்கள். அவள் முகத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. இது நல்லபடியாக முடிகிற கதை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நியாயம்.

மேற்குப் பென்சில்வேனியாவில் ஆறு வளைகிற இடத்தில் இருக்கும் அந்த ஊரில், எஃகு ஆலை மூடிய பிறகு மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று கல்லூரி, மற்றொன்று மருத்துவமனை. கல்லூரி நர்ஸுகளை உருவாக்கும், மருத்துவமனை அவர்களை வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே, நூலகத்தின் தரைத்தளத்தில், லோர்னாவின் ரிசர்வ் மேசை.

ரிசர்வ் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஒரு பாடத்துக்குப் புத்தகம் ஒன்று, படிக்கிறவர்கள் நாற்பது பேர் என்றால் என்ன செய்வது? வாத்தியார் அந்தப் புத்தகத்தை லோர்னாவிடம் ஒப்படைத்துவிடுவார். அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் அது உட்காரும். வேண்டியவர் வந்து கேட்டால் இரண்டு மணி நேரத்துக்குக் கிடைக்கும். நூலகத்துக்குள்ளேயே படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கதவைத் தாண்டக் கூடாது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று புதுசாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்பார்கள்.

"கதவு வரைக்கும் தாராளமா எடுத்துட்டுப் போ கண்ணு. அதுக்கு அந்தப் பக்கம் போனா நானும் உன்கூடவே வந்துருவேன், உங்கம்மா எனக்கும் சேர்த்துச் சமைக்கணும்" என்பாள் லோர்னா.

இருபத்தாறு வருடத்தில் அவளும் ஒரு ரிசர்வ் புத்தகத்தைக்கூடக் கதவுக்கு வெளியே கொண்டுபோனதில்லை. சட்டம் என்றால் சட்டம். இதை வைத்து அவள் கணவன் வாரன் அடிக்காத கேலி கிடையாது. ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், வாயைத் திறந்தால் குத்தல்தான். காப்பியைக் கையில் கொடுத்தால், "இது காப்பியா, இல்ல பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கேட்டுவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடிப்பான். "ஃபிரிட்ஜுல இருக்கிற பாலுக்கே ரெண்டு மணி நேரம் கெடு வைக்கிறவ இவ" என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிவான். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் அவளுக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை. அவன் குத்தினால் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

அலமாரியில் முந்நூற்றுச் சொச்சம் புத்தகங்கள் இருந்தன. அவற்றில் அதிகம் தேய்ந்தது பச்சை அட்டை போட்ட ஒன்று. பெயர் 'படுக்கையருகே'. நர்ஸிங் துறையில் நாற்பது வருடம் பாடம் எடுத்த ஹெட்விக் ஸ்டோல்ட்ஸ் தன் கையால் தட்டச்சு செய்து, கல்லூரி அச்சுக்கூடத்தில் கொடுத்து, கம்பிச் சுருளில் கோத்து வாங்கியது. கடையில் கிடைக்காது, வேறு நூலகம் எதிலும் கிடையாது. மொத்தமே இரண்டு பிரதி. "ஏன் ஒரு கம்பெனியில கொடுத்து ஒழுங்கா அச்சடிக்கக் கூடாது?" என்று லோர்னா ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"புத்தகக் கம்பெனிக்காரன் என்னைக்காவது நோயாளி பக்கத்துல ராத்திரி முழுக்க உக்காந்திருக்கானா? நான் உக்காந்திருக்கேன். அவன் எழுதுற புத்தகத்துல மெஷின் என்ன சொல்லும்னு இருக்கும். இதுல மனுஷன் என்ன சொல்லுவான்னு இருக்கு. பத்திரமா வச்சுக்கோ லோர்னா, இதைத் தொலைச்சா உன்னைத் தொலைச்சிருவேன்" என்றாள் கிழவி. பத்திரமாகத்தான் வைத்திருந்தாள்.

2020 மார்ச் பதின்மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கு, கல்லூரியை இரண்டு வாரம் மூடுகிறோம் என்று கடிதம் வந்தது. பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். அந்த அமளியில் பச்சைப் புத்தகத்தின் ஒரு பிரதி யாரோ ஒருவர் பையில் ஏறிப் போய்விட்டது. இரண்டு மணி நேரக் கெடு முடிந்ததும் கணினி தானாக ஒரு நினைவூட்டல் அனுப்பியது. மறுநாளும் அனுப்பியது. யார் வீட்டிலோ, எந்த ஊரிலோ, பதில் இல்லை. இனி அலமாரியில் இருப்பது ஒன்றே ஒன்று என்று லோர்னா எண்ணிக்கொண்டாள். இரண்டு வாரம் இரண்டு மாதமாயிற்று, பிறகு யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரலில் லோர்னாவை மட்டும் உள்ளே வர அனுமதித்தார்கள். பாடங்கள் கணினித் திரைக்குப் போய்விட்டன. புத்தகங்கள் அலமாரியில், பிள்ளைகள் அவரவர் ஊரில். வாத்தியார்கள் எந்த அத்தியாயம் என்று சொல்வார்கள், அவள் அதை ஸ்கேன் செய்து பாடத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். நான்கு மாடிக் கட்டடத்தில் அவள் ஒருத்தி; வாசலில் காவலாளி கிளைட்.

"உள்ள பேய் இருந்தா ஒரு குரல் கொடும்மா, நான் வெளியே ஓடிடறேன்" என்பான் கிளைட்.

பேய் இல்லை, விளக்குதான் இருந்தது. ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு. ஸ்கேன் மெஷின் முன்னால் அவள் சிலையாக நின்று பக்கம் புரட்டுவது அதற்கு அசைவாகப் படவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தரைத்தளம் முழுக்க இருண்டுவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால், அப்படியா, நீ இருக்கிறாயா என்பதுபோல ஒவ்வொன்றாக எரியும். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் வாரம் சிரிப்பு வரவில்லை.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். சின்ன விஷயம், நூலகத்தில் வேலை பார்க்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

ரிசர்வ் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தால், அதன் பார்கோடை 'பீப்' என்று ஒருமுறை காட்டிவிட வேண்டும். இந்தப் புத்தகம் இன்று பயன்பட்டது என்று கணினியில் ஒரு எண் ஏறும். இருபத்தாறு வருடமாக மூச்சு விடுவதுபோல அவள் செய்துவந்த காரியம். ஆனால் தொற்றுக் காலத்தில் மேலிடம் புதுச் சட்டம் போட்டது. பீப் அடித்த புத்தகம் எதுவாக இருந்தாலும் மனிதக் கை பட்டதாகப் பொருள். கணினி அதை மூன்று நாள் தனிமையில் பூட்டிவிடும், யாரும் தொடக் கூடாது. ஏப்ரல் முதல் வாரம் லோர்னா பச்சைப் புத்தகத்தை எடுத்து, வழக்கம்போல பீப் அடித்தாள். திரை சிவந்தது. நர்ஸிங் பிள்ளைகளுக்கு மறுநாள் காலை வகுப்பு.

ஸ்டோல்ட்ஸ் தொலைபேசியில் வந்தாள். "என்னடி, புத்தகத்துக்குக் காய்ச்சலா? மூணு நாள் ஆஸ்பத்திரியில போட்டிருக்கியாமே?"

"சட்டம் அப்படி இருக்கு, நான் என்ன பண்ண?"

"பிள்ளைங்க அடுத்த மாசமே வார்டுக்குப் போறாங்க லோர்னா. வார்டு என்ன லட்சணத்துல இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? அதுங்களுக்கு வேற எதுவும் இல்ல, இதுதான் இருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக லோர்னா ஒரு சட்டத்தை வளைத்தாள். பூட்டு திறந்ததும் புத்தகத்தை எடுத்து, பீப் அடிக்காமல் ஸ்கேன் செய்தாள். அடுத்த புத்தகத்தையும் அப்படியே. எல்லாம் முடிந்ததும் ஒட்டுமொத்தமாக அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். முந்நூறு புத்தகத்துக்கும் அப்படியே நினைத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நாளுக்கு நூற்றைம்பது, இருநூறு பக்கம். கம்பிச் சுருள் புத்தகம் அடங்கிக் கிடக்காது. இடது பக்கத்தின் அடிமூலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வலது கையால் பொத்தானைத் தட்ட வேண்டும். அதனால் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் அவள் விரல் விழுந்தது, பிளந்த நகத்தோடு. விரலை அழிக்கிற வசதி மெஷினில் இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். அவ்வளவு பேர் காத்திருக்கும்போது ஒரு விரலுக்காக யார் மெனக்கெடுவது? அப்படியே ஏற்றினாள்.

பருவம் முடிந்த அன்று, ஏற்றியதை எல்லாம் தன் கையாலேயே அழித்தாள். அதுவும் சட்டம். பாடம் முடிந்தால் நகலும் போக வேண்டும், வைத்திருந்தால் பதிப்புரிமைக்காரர்கள் வம்புக்கு வருவார்கள். அடுத்த பருவம் மறுபடி ஸ்கேன், மறுபடி அழிப்பு. பச்சைப் புத்தகத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்தாளா என்றால், இல்லை. ஒரு சட்டத்தை மீறிய குற்ற உணர்ச்சியில் மற்ற சட்டங்களை இரண்டு மடங்கு பிடித்துக்கொண்டாள். அவள் செய்த வேலை பல பத்தாயிரம் பக்கம் இருக்கும். அதற்கு ஒரு எண்கூட ஏறவில்லை, ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. கூட இருந்து சொல்லவும் கட்டடத்தில் ஆள் இல்லை.

2021 ஜனவரியில் ஸ்டோல்ட்ஸ் அவளைக் கடைசியாகக் கூப்பிட்டாள். குரல் தேய்ந்திருந்தது, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு. "பச்சைப் புத்தகம்... இருக்குல்ல?"

"இருக்கு. என் முதுகுக்குப் பின்னாடியே இருக்கு. நீங்க பேசாம ரெஸ்ட் எடுங்க."

"அதை மட்டும்... விட்டுறாத."

எட்டாம் நாள், அவள் பயிற்றிய நர்ஸுகளின் கையிலேயே ஸ்டோல்ட்ஸ் போய்ச் சேர்ந்தாள். சாவுக்குக்கூட யாரும் போக முடியவில்லை. தரைத்தளத்தில் விளக்கு அணைந்தபோது, லோர்னா கையை ஆட்டாமல் அந்த இருட்டிலேயே நின்று வாய்விட்டு அழுதாள்.

அந்த வருடம் செப்டம்பரில் கல்லூரி முழுதாகத் திறந்தது. மூன்று நாள் பூட்டு நீங்கியது. லோர்னா மேசையைத் துடைத்து, பென்சில் சீவி வைத்து, அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. முதல் வாரம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். அக்டோபரில் ஒரு பெண் வந்தாள். புத்தகம் கேட்கவில்லை, லிங்க் கேட்டாள்.

"புத்தகமே இங்க இருக்கே கண்ணு. ரெண்டு மணி நேரம் உக்காந்து படிக்கலாம்."

"உக்காந்தா?" என்றாள் அந்தப் பெண், புரியாமல். "பரவால்ல, நான் வேற ஏதாவது தேடிக்கறேன்."

ஸ்டோல்ட்ஸ் இடத்துக்கு வந்த புது வாத்தியார், ஒரு கம்பெனியின் இணையப் பாடத்தை மொத்தமாக வாங்கிவிட்டார். மற்ற துறைகளும் அவரவர் வழியில் போய்விட்டன. மேசையில் தொலைபேசி அடிக்கவில்லை. கிளைட் மட்டும் வந்து நிற்பான். "உன் கடையில ஈ ஓட்டக்கூட ஈ இல்லியேம்மா" என்பான். அவள் சிரிப்பாள். வீட்டுக்குப் போனால் வாரன், "என்ன, இன்னைக்கும் நாற்காலிக்குக் காவலா?" என்று கேட்பான். அதற்கும் சிரிப்பாள். ஆனால் படுத்தால் தூக்கம் வராது.

பிப்ரவரியில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். ப்ரென்ட் ஆஷ்வர்த், வந்து ஒரு வருடம் ஆகாத மனிதர், சின்ன வயசு, தன்மையான பேச்சு. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் லோர்னா சண்டையாவது போட்டிருப்பாள்.

"உக்காருங்க லோர்னா. இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு தாளை நகர்த்தினார். அலமாரியில் இருந்த புத்தகங்களின் பெயர் வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 2020 மார்ச்சுக்குப் பிறகு எத்தனை முறை பயன்பட்டது என்ற எண். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பச்சைப் புத்தகத்துக்கு எதிரே மட்டும் ஒன்று என்று இருந்தது, ஏப்ரல் முதல் வாரம் அவள் அடித்த அந்த ஒரே பீப்.

"இது தப்பு" என்றாள் லோர்னா. "நான் தினம் வந்தேன். இது ஒவ்வொண்ணையும் கையில எடுத்து ஸ்கேன் பண்ணேன்."

"பண்ணியிருப்பீங்க, நான் நம்பறேன். ஆனா கணக்குல வரலியே. ஏன் பார்கோடு காட்டல?"

"காட்டினா மூணு நாள் பூட்டிக்கும். பிள்ளைங்க காத்திருந்தாங்க."

"சரி. ஸ்கேன் பண்ண ஃபைலாவது காட்டுங்க. அதை வச்சு நான் மேல பேசறேன்."

"அழிச்சிட்டேன். பாடம் முடிஞ்சா அழிக்கணும்னு சட்டம்."

ப்ரென்ட் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. "இந்த இடத்துல மாணவர்களுக்கு மேசை நாற்காலி போடணும்னு மேலிடம் சொல்லிடுச்சு. ரெண்டு வருஷம் பயன்படாத புத்தகத்தை நீக்கணும். உங்க வேலை போகாது, மேல் மாடியில தபால் பிரிவுக்கு மாத்தறோம். ஏதாவது ஒரு புத்தகம், இது வேற எங்கயும் கிடைக்காது, இதுல இருக்கிறது வேற எதுலயும் இல்லன்னு சொல்லுங்க. அதை நான் பட்டியல்லேருந்து எடுத்திடறேன். சத்தியமா எடுத்திடறேன்."

"அந்தப் பச்சைப் புத்தகம்."

"நல்லது. அதுல என்ன இருக்கு?"

லோர்னா திகைத்துப் போனாள். ஆயிரம் தடவை அதைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறாள், ஆயிரம் தடவை வாங்கி வைத்திருக்கிறாள். பக்கம் பக்கமாக விரல் வைத்து அழுத்தியிருக்கிறாள். ஒரு வரிகூடப் படித்ததில்லை. அவள் வேலை எடுத்துக் கொடுப்பது. படிப்பது பிள்ளைகளின் வேலை.

"நோயாளியைப் பத்தி... நர்ஸுங்களுக்கானது" என்றாள். தன் குரல் தனக்கே கேவலமாகக் கேட்டது.

"அது நர்ஸிங் இணையப் பாடத்துல இருக்குமே லோர்னா" என்றார் ப்ரென்ட், மெதுவாக. தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஜூன் மாதம் நீக்கினார்கள். நீக்குகிற வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள், அவளுக்குத்தானே அலமாரி தெரியும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி, சக்கரத் தொட்டியில் போட வேண்டும். தாள் கூழாக்குகிற லாரி பின்வாசலில் வந்து எடுத்துக்கொள்ளும். புத்தகங்களின் நடுவே அவள் செருகி வைத்த மஞ்சள் தாள்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன, எது வரை ஸ்கேன் செய்தோம் என்ற அடையாளத்துக்கு. குத்தக் குத்த அவை உதிர்ந்தன.

பச்சைப் புத்தகத்தைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்தபோது கிளைட் பின்வாசல் பக்கத்திலிருந்து வந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

"பையில போட்டுக்கோம்மா" என்றான். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். என் கண்ணு ஏற்கெனவே பாதி அவுட்டு."

"இது அரசாங்கக் காலேஜ். நீக்கினாலும் அது மாநிலத்துச் சொத்து கிளைட். வேலையில இருக்கிறவங்க எடுக்கக் கூடாதுன்னு எழுதியே இருக்கு."

"குப்பைக்குப் போற தாளும்மா அது! யாரு வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்கன்னுதானே குப்பைக்கே போகுது" என்றாள் லோர்னா.

ஆனாலும் பையில் போட்டாள். கைப்பையின் ஜிப்பையும் இழுத்து மூடினாள். பின்வாசல் வரை நடந்தாள். கதவருகே கால் நின்றுவிட்டது. பிள்ளைகளிடம் இருபத்தாறு வருடம் சொன்ன பேச்சு ஞாபகத்துக்கு வந்தது. எங்கோ பின்னால் விளக்கு அணைந்தது. ஜிப்பைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, திரும்ப நடந்து வந்து முத்திரை குத்தினாள். தொட்டியில் போட்டபோது கம்பிச் சுருள் விளிம்பில் உரசி ஒரு சத்தம் வந்தது. அன்று முழுக்க அந்தச் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை. நேர்மையாக நடந்துகொண்டவர்களுக்கு வர வேண்டிய நிம்மதி அவளுக்கு வரவில்லை. அது ஏன் என்று எனக்கும் விளங்கவில்லை, அவள்மேல் ஆத்திரம்தான் வருகிறது.

நவம்பரில் வாரன் கூரையில் ஏறி இலை தள்ளுகிறேன் என்று வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். அதே ஊர் மருத்துவமனை. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். முதல் நாள் மயக்கத்திலேயே, "இந்தப் படுக்கையைவிட நம்ம கேரேஜ் தரை தேவலை" என்றான். இரண்டாம் நாள் மருத்துவமனைச் சூப்பைத் திட்டினான். லோர்னாவுக்குத் தெம்பு வந்தது.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு அவள் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வாரன் ஒரு வாய் குடித்தான். அவளைப் பார்த்து, "தேங்க்ஸ், லோர்னா" என்றான்.

அவள் டம்ளரை வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"தண்ணி கொடுத்தியே. ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றான் வாரன், மென்மையாக. கண்ணை மூடிக்கொண்டான். அவள் போர்வையை இழுத்து அவன் தோள்வரை விட்டாள். அவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை.

அப்போதுதான் நர்ஸ் உள்ளே வந்தாள். சட்டையில் ஷெல்பி துடெக் என்று பெயர், இருபத்துமூன்று இருபத்துநான்கு வயசிருக்கும். வாரனின் நாடியைப் பிடித்தாள், மூச்சை எண்ணினாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள். மெஷினைப் பார்க்கவே இல்லை. நிமிர்ந்தபோது போர்வை விளிம்பில் இருந்த லோர்னாவின் கை கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டாள்.

"ஒரு நிமிஷம். அந்தக் கையைக் காட்டுங்க. இடது கை." லோர்னா நீட்டினாள். ஷெல்பி அந்தக் கட்டைவிரலைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஐயோ கடவுளே, நீங்கதானா? நீங்க காலேஜ் லைப்ரரியில இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எங்க பேட்ச்சுல உங்களுக்குப் பேரே கட்டைவிரல் அம்மா! நாங்க ஒரு தடவைகூட உங்களைப் பார்த்ததில்ல. சமையலறை மேசையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு, எங்கம்மா ஒரு பக்கம் காச்சல்ல கிடக்கறாங்க, நான் உங்க விரலைப் பார்த்துப் பார்த்துப் படிச்சேன். ஸ்டோல்ட்ஸ் அம்மாவோட அந்தப் புத்தகம், அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. இன்னிக்கும் எந்த ரூமுக்குள்ள போனாலும் அதுல இருக்கிறபடிதான் பார்ப்பேன்."

லோர்னாவுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. பூஜ்யம் பூஜ்யமாக இருந்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. இந்தப் பெண்ணைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ப்ரென்ட் முன்னால் நிறுத்த வேண்டும்போல இருந்தது.

"உங்களைப் பார்த்தா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றாள் ஷெல்பி. "அறுபத்திரண்டாம் பக்கம். 'மெஷினுக்கு முன்னால் மனிதன் சொல்லும் ஏழு அறிகுறிகள்'னு தலைப்பு. நோயாளி கைவிட்டுப் போறதுக்கு முன்னாடி என்னென்ன தெரியும்னு. ஆறு இருக்கு. ஏழாவது மேல உங்க விரல் இருக்கு."

"என் விரலா?"

"முழு வரியும் மறைஞ்சு போச்சு. பரீட்சையில ஏதாவது அஞ்சு எழுதுன்னு கேட்டாங்க, அதனால அப்ப யாரும் கண்டுக்கல. இவ கேப்பான்னு அவ, அவ கேப்பான்னு இவ. ஸ்டோல்ட்ஸ் அம்மாவும் போயிட்டாங்க. ஏழாவது அறிகுறி கட்டைவிரல்னு ஜோக் அடிப்போம்" என்று ஷெல்பி சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கியது. "ஆனா ஸ்டோல்ட்ஸ் அம்மா வகுப்புல ஒண்ணு சொன்னாங்க. முதல் ஆறும் உடம்பு சொல்றது, எந்த மெஷினும் கொஞ்சம் பிந்தியாவது பிடிச்சிரும். கடைசி ஒண்ணு அந்த ஆளோட குணத்துல தெரியும், அதை எந்த மெஷினும் பிடிக்காது, அதான் கடைசியில வச்சிருக்கேன்னு சொன்னாங்க. அது என்னன்னு படிச்சிட்டு வாங்கன்னாங்க. அந்தப் புத்தகம் இன்னும் அலமாரியில இருக்குல்ல? எனக்காக ஒரே ஒரு வரி பார்த்துச் சொல்றீங்களா?"

கம்பிச் சுருள் தொட்டியில் உரசிய சத்தம் லோர்னாவின் காதுக்குள் கேட்டது.

"பரவால்ல, அவசரமில்ல" என்றாள் ஷெல்பி, அவள் முகத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு. வாரனின் அட்டையில் எழுதிவிட்டு, லோர்னாவின் தோளைத் தொட்டாள். "இவருக்கு ஆறும் நல்லா இருக்கு. பயப்படாதீங்க." அடுத்த அறையில் மணி அடித்தது, போய்விட்டாள்.

வாரன் கண்ணைத் திறந்தான். அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். "நீ நல்ல பொண்ணு லோர்னா" என்றான். "நல்லா காப்பி போடுவ."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.